ஆவணியில் கல்யாணம்: தேனிலவுக்கு எந்தத் தீவு?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. சொந்த ஊர் பாலக்கோடு பக்கம், வேலை ஓசூரில், பெண் வீடு காவேரிப்பட்டணம். ஆவணி இரண்டாவது வாரத்தில் முகூர்த்தம். கம்பெனியில் பத்து நாள் லீவு, கையில் இரண்டரை லட்சம். அந்தமான், மாலத்தீவு, பாலி மூன்றில் எது நல்லது என்று கேட்கிறீர்கள். இருவருக்கும் கடல் பழக்கமில்லை, பெண் இன்னும் விமானமே ஏறியதில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "அந்த மாதம் மழை என்கிறார்கள், அவ்வளவு காசு போட்டுப் போய் ரூமுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டி வந்தால்?" நீங்கள் கேட்க வந்தது இதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பெங்களூரில் ஒரு டிராவல் கம்பெனியின் ஹாலிடே பிரிவில் வேலை பார்த்துவிட்டு, பிறகு தருமபுரிக்கே வந்து சொந்தமாக டிக்கெட் ஆபீஸ் வைத்து ரொம்ப வருஷமாகிறது. அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, ஓசூர் என்று நம் பக்கத்துப் புது ஜோடிகள்தான் வாடிக்கையில் பாதி. நீங்கள் கேட்ட மூன்று தீவுகளையும் நேரில் பார்த்தவன். மொரீஷியஸ், சேஷல்ஸ் பக்கம் அதிகம் பேரை அனுப்பியதில்லை, அதனால் அவற்றைப் பற்றி வாய் திறக்கப் போவதில்லை. டிக்கெட் விலை, பேக்கேஜ் விலை என்று நான் சொல்வதெல்லாம் தோராயம். புக் செய்யும் அன்றைக்கு இருக்கும் விலைதான் விலை.

முதலில் லீவுக் கணக்கு. பத்து நாள் லீவு என்றால் பத்து நாள் பயணம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முந்தின நாள் பெண்ணழைப்பும் ரிசப்ஷனும், அடுத்த நாள் முகூர்த்தம், அப்புறம் மறுவீட்டு விருந்து, அதற்கடுத்து இரண்டு பக்கத்துக் குலதெய்வம் கோயில். இதிலேயே நாலு நாள் போய்விடும். "மாமா வீட்டு விருந்துக்கு வராமல் ஃப்ளைட் ஏறிட்டாங்க" என்ற பேச்சை வாங்கிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளாவது இருவரும் தூங்க வேண்டும். முகூர்த்தத்தன்று ராத்திரியே ஃப்ளைட் போடச் சொல்லி வருகிறவர்களை நான் முடிந்தவரை தடுப்பேன். விடியற்காலை முகூர்த்தத்துக்கு இரண்டு ராத்திரி கண் விழித்த பெண், முதல் முறை விமானம் ஏறி, இறங்கியதும் படகில் உட்கார்ந்தால் வாந்தி வராமல் என்ன வரும்? ஆக மிச்சம் ஐந்து நாள், நாலு ராத்திரி. இந்த நாலு ராத்திரி என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அடுத்தது மாதம். உங்கள் பயணம் செப்டம்பர் முதல் வாரத்தில் விழுகிறது. அந்தச் சமயத்தில் எந்தக் கடல் எப்படி இருக்கும் என்பதில் சில விஷயங்கள் உறுதி. அந்தமானிலும் மாலத்தீவிலும் தென்மேற்குப் பருவமழை முடிந்திருக்காது. தாய்லாந்தில் புக்கெட், கிராபி இருக்கும் மேற்குக் கரைக்கும் அதே கதைதான். பாலி பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். செப்டம்பர் அருமையான மாதம். இலங்கைக்கு இரண்டு முகம்: மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கரையில் மழை, அலை, அதே நேரத்தில் கிழக்குக் கரையில் வெயில், அடங்கிய கடல். டிசம்பருக்குப் பிறகு இது அப்படியே மாறிவிடும். இவ்வளவும் பல வருஷச் சராசரி. செப்டம்பர் 3ஆம் தேதி மழை பெய்யுமா என்று இப்போதே சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் பார்க்கும் வானிலை அறிக்கைக்குத்தான் கொஞ்சம் மதிப்பு உண்டு.

இந்தக் கணக்கில் அந்தமான் உடனே அடிபட்டுப் போகிறது. அங்கே தங்குவது ஸ்ரீ விஜயபுரத்தில் இல்லை (போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் வைத்த பெயர், டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்). எல்லோரும் போவது ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு. இப்போது அவை ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு. அங்கே போக ஒன்றரை, இரண்டு மணி நேரப் படகுப் பயணம். பருவமழை நேரத்தில் கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். ஒரு படகு ரத்தானால் அடுத்த ஹோட்டல், திரும்பும் ஃப்ளைட் எல்லாமே சரியும். ஒரு வாரத்துக்கு மேல் கையில் இருந்தால் சமாளிக்கலாம், நாலு ராத்திரியில் முடியாது. ஆனால் இதே அந்தமானைத் தை, மாசியில் பார்த்தால் வேறு உலகம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாலத்தீவு கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய இடம், ஏனென்றால் உங்கள் மனதில் இருக்கும் படம் அதுதான் என்று தெரிகிறது: தண்ணீர் மேல் கால் ஊன்றி நிற்கும் வில்லா, படியில் இறங்கினால் கடல். தூரம் பிரச்சனையில்லை, பெங்களூரிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் தலைநகர் மாலே. இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா, கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், ஹோட்டல் உறுதிச் சீட்டு வேண்டும். கிளம்புவதற்கு முந்தின 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற ஆன்லைன் படிவத்தை நிரப்ப வேண்டும். அது இலவசம். கூகுளில் தேடினால் அதே போலத் தோன்றும் தளங்கள் டாலரில் காசு கேட்கும், ஏமாந்துவிடாதீர்கள். மழையைப் பொறுத்தவரை, நம் பக்கம் ஆவணியில் சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை கொட்டிவிட்டு ஓய்வது போலத்தான் அங்கேயும் பெரும்பாலும். ஆனால் சில சமயம் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மூடாப்பு போட்டு, காற்றும் அலையுமாக இருக்கும். உங்களுக்குக் கிடைப்பதே நாலு நாள் என்னும்போது அந்த இரண்டு நாள் பெரிய விஷயம். அதற்குப் பதிலாக விலை குறையும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை உங்கள் பட்ஜெட்டில் எட்டாத ரிசார்ட்டுகள் செப்டம்பரில் எட்டும்.

அந்த விலையைப் படிக்கத் தெரிய வேண்டும், அதுதான் மாலத்தீவில் முக்கியம். ரிசார்ட் சொல்லும் அறை வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், அதன் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும், சுற்றுலா ஜிஎஸ்டியும் ஏறும். இந்த வரி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். அது போக பசுமை வரி என்று ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர். இருவருக்கு நாலு ராத்திரி என்றால் 96 டாலர், அதாவது எட்டாயிரம் ரூபாய்க்கு மேல், பெரும்பாலும் செக் அவுட் செய்யும்போதுதான் பில்லில் தெரியும். அடுத்தது விமான நிலையத்திலிருந்து ரிசார்ட்டுக்குப் போகும் செலவு. தூரத்துப் பவளத்தீவு என்றால் கடல் விமானம். ஆளுக்குப் போக வர 400 டாலருக்கு மேல் ஆவது சாதாரணம். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் மாலேயில் இறங்கினால் அன்றைக்கு ராத்திரி ஹுல்ஹுமாலேயில் ஏதாவது ஹோட்டலில் தங்கிவிட்டுக் காலையில்தான் போக முடியும்; உங்கள் நாலு ராத்திரியில் ஒன்று காலி. அதனால் வடக்கு மாலே, தெற்கு மாலே பவளத்தீவுகளில், ஸ்பீடு போட்டில் போகும் தூரத்தில் இருக்கும் ரிசார்ட்டாகப் பாருங்கள்.

சாப்பாட்டை மறந்துவிடாதீர்கள். ஒரு தீவில் ஒரு ரிசார்ட்தான் இருக்கும், வெளியே போய் டீ குடிக்கக் கடை கிடையாது. காலை உணவு மட்டும் சேர்ந்த ரேட் மலிவாகத் தோன்றும்; அங்கே போய் இரண்டு வேளை சாப்பாட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் டாலரில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மூன்று வேளையும் சேர்ந்த ஃபுல் போர்டுக்குக் குறைந்து எடுக்க வேண்டாம். நாலு ராத்திரியும் வாட்டர் வில்லா எடுக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு ராத்திரி பீச் வில்லா, இரண்டு ராத்திரி வாட்டர் வில்லா என்று பிரித்தால் செலவும் குறையும், அலுப்பும் தட்டாது. நீச்சல் தெரியாதவர்களுக்கு மணலில் கால் வைத்து இறங்கும் பீச் வில்லாதான் கடலைப் பழக்கும் என்பது என் அபிப்பிராயம். இப்படி எல்லாம் சேர்த்து, ஃப்ளைட்டோடு, செப்டம்பரில் இரண்டே காலிலிருந்து மூன்று லட்சம் வரை ஆகலாம். உங்கள் பட்ஜெட்டின் விளிம்பு அது. இதைவிடக் குறைவாக மாஃபுஷி போன்ற உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் கிடைக்கும். நல்ல கடல், பாதிக்கும் கீழே செலவு. ஆனால் நீங்கள் நினைக்கும் வில்லா அங்கே இருக்காது, நீச்சல் உடைக்கென்று தனியாக ஒதுக்கிய கடற்கரை தவிர மற்ற இடங்களில் அடக்கமாக உடுத்த வேண்டும். மது அங்கே கிடையாது.

மாலத்தீவுச் சுங்கத்தைப் பற்றி ஒரு விஷயம், இது நம் ஆட்களுக்கு அவசியம். மதுவோடு சேர்த்து, வழிபாட்டுக்கான சிலைகளையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே சட்டம். புதுப் பெண் பெட்டியில் மாமியார் அன்பாக ஒரு சின்னப் பித்தளைப் பிள்ளையாரை வைத்து அனுப்புவார். அதை வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். கழுத்துத் தாலி, நெற்றிக் குங்குமம் இதையெல்லாம் யாரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

பாலிக்கு வருவோம். வானிலை மட்டும் வைத்துப் பார்த்தால் செப்டம்பருக்கு மூன்றில் முதலிடம் அதற்குத்தான். 30 நாள் விசாவை இறங்கியதும் எடுக்கலாம், ஆளுக்கு ஐந்து லட்சம் இந்தோனேசிய ரூபியா; 2024 பிப்ரவரியிலிருந்து ஒன்றரை லட்சம் ரூபியா சுற்றுலாக் கட்டணம் தனி. லட்சம் என்றதும் பயப்பட வேண்டாம், இரண்டும் சேர்ந்தே நம் காசுக்கு நாலாயிரத்துக்குள்தான் வரும். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக இருக்க வேண்டும். பிரச்சனை நாள்தான். பெங்களூரிலிருந்து நேரடி ஃப்ளைட்டிலேயே ஆறரை, ஏழு மணி நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போக ஒரு நாள், வர ஒரு நாள் கழித்தால் நாலு ராத்திரியில் மூன்று பகல் மிஞ்சும், அதில் பாதியைக் கார் தின்றுவிடும். தெற்கு பாலியின் டிராஃபிக் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பைப் பார்த்தவருக்கே அலுக்கும். ஆறு ராத்திரிக்குக் குறைவாகப் பாலிக்குப் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்னும் மூன்று நாள் லீவு கிடைக்கும் என்றால் சொல்லுங்கள், அப்போது கதை வேறு: உபுதில் மூன்று ராத்திரி, சனூர் அல்லது நுசா துவாவில் மூன்று ராத்திரி, அவ்வளவுதான். தினம் ஒரு ஹோட்டல் மாற்றும் பேக்கேஜை வாங்காதீர்கள். சனூர், நுசா துவா இரண்டுக்கும் முன்னால் பவளப்பாறை அணை போலக் கிடப்பதால் கரையில் அலை குறைவு. குட்டாவில் அலையும் இழுவையும் அதிகம், அது உங்களுக்கு வேண்டாம். ஸ்கூட்டர் எடுப்பதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கட்டாயம். இங்கே ஆர்டிஓ ஆபீஸ் மூலமாகவே வாங்கிக்கொள்ளலாம். அது இல்லாமல் விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும்.

நீங்கள் கேட்காத இடம் ஒன்றைச் சொல்கிறேன். என் கையில் முடிவு இருந்தால் இந்த ஐந்து நாளுக்கு உங்களை இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் திரிகோணமலைக்கு அனுப்புவேன். நிலாவெளி, உப்புவெளி இரண்டும் அடுத்தடுத்த கடற்கரைகள். செப்டம்பர் முதல் வாரம் அங்கே சீசன் முடியும் கட்டம், ஆனால் கடல் இன்னும் அடங்கித்தான் இருக்கும். நிலாவெளியில் வெகுதூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர். கடல் பயம் இருப்பவர் தைரியமாக இறங்கலாம். எதிரே புறாத்தீவு, சின்னப் படகில் கொஞ்ச நேரம். அங்கே லைஃப் ஜாக்கெட் போட்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தாலே பவளமும் மீனும் தெரியும். காலையில் முதல் படகில் போய்விடுங்கள், கூட்டம் சேர்ந்த பிறகு அது நன்றாக இருக்காது. ஊருக்குள் சுவாமிமலைப் பாறை மேல் திருக்கோணேஸ்வரம், சம்பந்தர் பாடிய தலம்; கோயில் சுவரை ஒட்டி நேர் கீழே கடல். வீட்டுப் பெரியவர்களிடம் "கோயிலுக்கும் போறோம்" என்று சொல்லிக்கொள்ளவும் இது உதவும். அங்கே தமிழ் பேசினால் போதும், சோறும் மீன் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். முதல் வெளிநாட்டுப் பயணத்தில் பாஷை தெரிந்த ஊர் கொடுக்கும் தைரியம் சின்னது கிடையாது.

அதிலும் குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். பெங்களூரிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் அங்கிருந்து திரிகோணமலை 260 கிலோமீட்டர் ரோடு, ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே இருப்பதால் நகரத்துக்குள் நுழையாமலே தம்புள்ளைப் பாதையைப் பிடித்துவிடலாம். போகும்போது தம்புள்ளை அல்லது சிகிரியா பக்கம் ஒரு ராத்திரி, நிலாவெளியில் மூன்று ராத்திரி. திரும்பும்போது நேராக விமான நிலையம், ஃப்ளைட் சாயங்காலமாக இருந்தால் சரியாக வரும். மாலத்தீவு ரிசார்ட்டின் பளபளப்பை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஹோட்டல்கள் சுமாரிலிருந்து நல்லது வரை. செலவு காரோடு சேர்த்து ஒன்றேகால், ஒன்றரை லட்சத்தில் முடியலாம். விசாவுக்கு ஆன்லைனில் ஈடிஏ என்ற முன் அனுமதி எடுக்க வேண்டும். இந்தியர்களுக்கான கட்டண விதி அடிக்கடி மாறுவதால், இலங்கை அரசின் தளத்திலேயே அந்த வாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, இப்போது இரண்டு நாள் ஏற்காட்டுக்கோ குன்னூருக்கோ போய்விட்டு, தீவைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போடுவது. அப்போது அந்தமான் கடல் கண்ணாடி. மொரப்பூரிலோ ஜோலார்பேட்டையிலோ ராத்திரி ரயில் ஏறினால் விடியற்காலை சென்னை, அங்கிருந்து இரண்டேகால் மணி நேரப் பறப்பு. பாஸ்போர்ட் வேண்டாம், ஒன்றேகால் லட்சத்துக்குள் ஐந்தாறு ராத்திரி தாராளமாக. பொங்கல் வாரத்தையும் குடியரசு தின விடுமுறையையும் விட்டுவிட்டுப் பிப்ரவரியில் போங்கள். அங்கே ஜனவரியில் சூரியன் மாலை ஐந்தேகாலுக்கே இறங்கிவிடும், பிப்ரவரியில் சற்றுத் தள்ளி. ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் பார்க்க ஐந்து மணிக்கு ஹோட்டலை விட்டுக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள், நாலு மணிக்கே அங்கே இருங்கள். கிளிஞ்சல், பவளம் பொறுக்கிப் பையில் போடாதீர்கள், விமான நிலையத்தில் சோதித்து எடுத்துக்கொள்வார்கள், வழக்கும் வரலாம். தள்ளிப்போடுவதில் ஒரே ஒரு நிச்சயமின்மை: அதற்குள் நல்ல செய்தி வந்துவிட்டால் ஸ்கூபா கூடாது, படகின் குலுக்கலும் டாக்டரைக் கேட்டுத்தான். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது உங்கள் இருவருக்குள் பேசி முடிவு செய்ய வேண்டியது, நான் சொல்ல ஒன்றுமில்லை.

எந்தத் தீவானாலும் தண்ணீரைப் பற்றிச் சில வார்த்தை. நம் பக்கத்தில் நீச்சல் தெரியும் என்பவர்கள் பெரும்பாலும் கிணற்றில் குதித்துப் பழகியவர்கள், மிஞ்சினால் கிருஷ்ணகிரி அணை, காவிரி. கடலில் அந்தத் தைரியம்தான் ஆபத்து. கடலுக்குள் இழுக்கும் ஓட்டத்தில் மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நேராக நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வர வேண்டும். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை நீங்களே இழுத்துப் பாருங்கள். பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் முதல் ஸ்கூபாவுக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ஸ்கூபா முடித்து குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும், 24 மணி நேரம் என்றால் நிம்மதி. அதனால் அதைக் கடைசி நாளில் வைக்காதீர்கள்.

கடலுக்குள் இறங்குமுன் மோதிரத்தைக் கழற்றி அறை லாக்கரில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மாமனார் போட்ட புது மோதிரம் சத்தமில்லாமல் கழன்றுபோகும், மணலில் அதைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் குறைவு. தாலி இன்னும் மஞ்சள் கயிற்றில்தான் இருக்கும். அதைக் கழற்றச் சொல்ல முடியாது, கழற்ற வேண்டியதுமில்லை. கழுத்து மூடிய முழுக்கை நீச்சல் டீஷர்ட் ஒன்று வாங்கி அதற்குள் விட்டுக்கொண்டால் லைஃப் ஜாக்கெட் வாரிலும் மூச்சுக்குழாயிலும் சிக்காது. வெள்ளைச் சட்டை வேண்டாம், மஞ்சள் இறங்கும். கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்தால் உப்பு அரித்துக் கழுத்தில் புண்ணாவதைத் தவிர்க்கலாம். முழங்கை வரை போட்ட மருதாணி உப்புத் தண்ணீரில் சீக்கிரம் வெளுக்கும், போட்டோ முக்கியம் என்றால் முதல் நாளே எடுத்துவிடுங்கள். தேதி குறிக்கும்போது அவரிடம் மாதவிடாய் நாளையும் கேட்டுக் குறியுங்கள். பெண்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள், நீங்கள் கேட்க வேண்டும். தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் நேராக வாங்காமல் மகப்பேறு டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

பாஸ்போர்ட் விஷயம் அவசரம். அவருக்கு இப்போதுதான் விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்றால், கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் பெயரைச் சேர்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அப்பா பெயரோடு இருக்கும் பாஸ்போர்ட்டிலேயே தாராளமாகப் போகலாம். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்க வேண்டும், இனிஷியலை விரித்து எழுதியிருந்தால் டிக்கெட்டிலும் விரித்தே எழுத வேண்டும். நம் ஊர்ப் பெயர்களில் தகராறு வருவது இங்கேதான். நகையில் தாலி, ஒரு கம்மல், இரண்டு வளையல் போதும், மற்றதெல்லாம் லாக்கரில். கனமாகப் போட்டுக்கொண்டுதான் போவேன் என்றால், போகும்போதே பெங்களூர் விமான நிலையச் சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது அங்கே வாங்கியதில்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

பணம் கட்டும்போது இரண்டு விஷயம். ஃப்ளைட் பிஎன்ஆரை விமானக் கம்பெனியின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஹோட்டலுக்கு நீங்களே ஒரு மெயில் அனுப்பி, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா, எத்தனை வேளை சாப்பாடு சேர்ந்திருக்கிறது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இதற்குச் சங்கடப்படும் ஏஜென்ட்டிடம் காசு கட்டாதீர்கள், நான் உட்பட. கல்யாண ஜவுளி எடுத்த கடையில் கூப்பன் நிரப்பினீர்கள் என்றால், "இலவச ஹாலிடே விழுந்திருக்கிறது, ஜோடியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று போன் வரும். போனால் மணிக்கணக்கில் உட்கார வைத்து ஒரு மெம்பர்ஷிப்பை விற்பார்கள். போக வேண்டாம். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். அதன் விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, ஆனால் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அதனால் உங்கள் பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். உங்களுக்கு ஹனிமூன் கேக்கும் கட்டில் அலங்காரமும் கொடுப்பதாகச் சொல்லும் ரிசார்ட் கல்யாணச் சான்று கேட்கலாம். பதிவுச் சான்றிதழ் அதற்குள் கைக்கு வராவிட்டால் பத்திரிகையின் ஆங்கிலப் பிரதியை ஏற்பார்களா என்று அந்த மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி. பாலக்கோட்டிலிருந்து விமான நிலையம் போகும் ரோடுதான் இந்தப் பயணத்திலேயே நம்ப முடியாத பகுதி. பகலில் ஐந்து மணி நேரம் வைக்காமல் கிளம்பாதீர்கள். ராத்திரி என்றால் மூன்றரையில் போய்விடலாம். எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் வழியாக நகரத்துக்குள் நுழைவதைவிட, அத்திப்பள்ளியில் பிரிந்து சர்ஜாபுரம், ஹொஸ்கோட்டை சுற்றிப் போவது பல நாட்களில் சுகம். அன்றைக்கு எது என்பதை ஓசூர் தாண்டும்போது மேப்பில் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளிநாட்டு ஃப்ளைட் எல்லாம் இரண்டாவது டெர்மினல், மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். விடியற்காலை ஃப்ளைட் என்றால் முந்தின ராத்திரியே ஓசூரில் உங்கள் வீட்டில் போய்த் தங்கிவிட்டு அங்கிருந்து கிளம்புங்கள். வழியனுப்ப வேன் வைத்து வரும் சொந்தக்காரர்களை ஓசூரோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது. லீவு கூட இரண்டு மூன்று நாள் கிடைக்குமா, பாஸ்போர்ட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். அதைப் பார்த்து நிலாவெளியா, பாலியா, தையில் அந்தமானா என்று தேதியோடு சொல்கிறேன்.